நாலு நாள் மறதி

அந்த அம்மாளுக்கு வந்த கார்டுகளை நான் எண்ணியிருக்கிறேன். அவர் எண்ணியதில்லை. எலி மூளையின் ஒரு துண்டில் எத்தனை செல் இருக்கிறது என்று மூன்று தடவை எண்ணுகிற மனுஷிக்கு, தன் மேஜைமேல் வந்து விழும் கார்டுகளை ஒரு தடவைகூட எண்ணத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அவர் சாப்பாட்டுக்குப் போகும் அரைமணி நேரத்தில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எண்ணுவேன்.

கார்டு என்றால் என்னவென்று இப்போது விளக்கித்தான் ஆகவேண்டும். அந்தக் காலத்தில் நகலெடுக்கும் யந்திரமெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தால், அதன் அச்சுப்பிரதிகள் ஒரு கட்டு எழுதியவருக்கு வரும். உலகத்தில் எங்கோ இருக்கிற இன்னொருவருக்கு அது வேண்டுமென்றால் ஒரு அஞ்சல் அட்டை போடுவார். 'தங்களுடைய இன்ன கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.' அவ்வளவுதான் விஷயம். ஆனால் நாம் எழுதியதை யாராவது படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு வழி கிடையாது. கார்டு வந்த நாளில் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

என் பெயரில் இருபத்தேழு கட்டுரைகள். அத்தனைக்கும் சேர்த்து அந்நாளில் என் மேஜைக்கு வந்தவை ஐந்து கார்டுகள். அதில் இரண்டு பூனாவிலிருந்து ஒரே ஆள் போட்டவை. முதலில் கேட்டதை மறந்துவிட்டு மறுபடியும் கேட்டிருந்தார். அந்த அம்மாள் எழுதியது மொத்தமே ஆறு. ஆனால் பிராக்கிலிருந்து வரும், கியோட்டோவிலிருந்து வரும், லெனின்கிராடிலிருந்து வரும். நான் கடைசியாக எண்ணியபோது முன்னூற்றுச் சொச்சம். அதில் முக்கால்வாசி ஒரே ஒரு கட்டுரைக்கு வந்தவை. அந்தக் கட்டுரையில் என் பெயரும் இருந்தது. அந்தக் கதைக்குத்தான் வரப்போகிறேன்.

கார்டுகளை ஒரு புடவைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அவருடைய அண்ணன்மார் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். அந்தக் கடையின் அட்டைப் பெட்டி அது. மூடியில் தோகை விரித்த மயில் போட்டிருக்கும். அந்த மயிலைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஆய்வுக்கூடம் ராயப்பேட்டையில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மூளை, நரம்பு பற்றிய ஆராய்ச்சி. நான்கு அறைகள், ஒரு டைரக்டர், ஒரு டைப்பிஸ்ட், கூண்டு நிறைய எலிகள், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரும் ஏகாம்பரம் என்கிற அட்டெண்டர். அறுபதுகளின் கடைசியில் நானும் அந்த அம்மாளும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருவேன். அவர் மாம்பலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம். ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாரம் முழுக்க இரண்டே கைத்தறிப் புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, மனிதர்களோடு பேசும்போதும் இடது கண்ணைச் சுருக்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அப்படி என்னைப் பார்த்துப் பேசினால், என்னையும் ஏதோ கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைத்திருக்கிறார் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. "நான் பாக்கலையே."

மழை வருமா மேடம் என்றால் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். டைரக்டருக்கு அடுத்த மாதம் மாற்றலாமே என்று டைப்பிஸ்ட் கிசுகிசுத்தால், "ஆர்டரை நான் பாக்கலையே" என்பார். அதோடு வம்பு செத்துப்போகும். ஒரு ஆபீஸில் வம்பு பேச முடியாமல் செய்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? எனக்குப் பிடிக்கவில்லை. பந்தா என்று நினைத்தேன். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டதுண்டு, ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

ஒரு தடவை விலையுயர்ந்த லென்ஸ் ஒன்று காணாமல் போயிற்று. டைரக்டர் எங்களை வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்தார். ஏகாம்பரம் அந்த அலமாரியை இரண்டு தடவை திறந்தான் என்று டைப்பிஸ்ட் சொன்னார். நானும், "அவனாகத்தான் இருக்கும் சார்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் காரணம் இல்லை. எல்லாரும் சொன்னார்கள், சொன்னேன். அந்த அம்மாள் முறை வந்தது.

"ஏகாம்பரம் அலமாரியைத் திறந்ததைப் பாத்தேன் சார். ரெண்டு தடவை இல்ல, மூணு தடவை. லென்ஸை எடுத்ததை நான் பாக்கலை."

"அப்படின்னா யார் எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"நான் பாக்கலையே சார்."

டைரக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையால்தான் அன்றைக்குப் போலீஸுக்குச் சொல்லாமல் விட்டார். பத்து நாள் கழித்து லென்ஸ் டைரக்டருடைய சொந்த மேஜை டிராயரில், கைக்குட்டைக்குள் அகப்பட்டது. அதற்கப்புறம் ஏகாம்பரம் அந்த அம்மாளுக்குத்தான் முதலில் காபி கொண்டுவருவான். எனக்கு வரும்போது ஆறியிருக்கும்.

வீட்டிலும் எனக்கு அந்த அம்மாளிடமிருந்து விடுதலை இல்லை. ஒரு தீபாவளிக்கு என் மனைவியை அவர்கள் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்த கடை, கொஞ்சம் பார்த்துப் போடுவார்கள் என்ற நினைப்பு. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து கடைவரை எங்களை ஜனங்களே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் தாங்காமல் அண்ணன்காரர் தங்கையையும் ஜமக்காளத்தில் உட்கார வைத்து வியாபாரம் பார்க்கச் சொல்லியிருந்தார். என் மனைவி ஒரு மாம்பழக் கலர் புடவையைக் கையில் எடுத்தாள்.

"சாயம் போகாதே?"

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் புடவையைப் பார்த்தார். "போகாதுன்னுதான் கடையில சொல்லுதாங்க. நான் துவைச்சுப் பாக்கலையே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு பெண்கள் கையிலிருந்த புடவைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏட்டி, நீ எந்திரிச்சு வீட்டுக்குப் போ. உனக்கு அந்த எலிதான் லாயக்கு." என்னைப் பார்த்து, "இவளை வச்சுக்கிட்டு எப்படி சார் அங்க வேலை பாக்குதீங்க?" என்றார். எனக்கு அந்த மனுஷரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஆனால் என் மனைவி விடவில்லை. "அப்ப எது போகாது? நீங்களே சொல்லுங்க."

"இது போகாது. ஆறு வருஷமா கட்டுதேன்" என்று தான் கட்டியிருந்த கைத்தறியின் முந்தானையைக் காட்டினார். என் மனைவி அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் அது சாயம் போகவில்லை. வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "நீங்க பாத்தீங்களா? அந்தம்மாவா இருந்தா பாத்துட்டுத்தான் சொல்வாங்க" என்பாள். சொந்த வீட்டிலேயே இப்படிக் கேட்டுக்கொண்டு ஒருவன் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்துவது?

இனி அந்தக் கட்டுரை.

எலி மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி, வெள்ளி கலந்த கரைசலில் ஊறப்போட்டால் நரம்பிழைகள் கறுப்பாகத் தெரியும். ஒரு ராத்திரி ஊறினால் போதும். காலையில் எடுத்துவிட வேண்டும். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் நான் அப்படிச் சில துண்டுகளை ஊறப்போட்டேன். மாமனார் வீட்டுக்கு, தஞ்சாவூருக்குப் போக வேண்டும். எழும்பூரில் ரயிலைப் பிடிக்கும் அவசரம். ஊறியது போதாவிட்டாலும் பரவாயில்லை, சாயங்காலமே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தவன், அடியோடு மறந்துவிட்டேன். அந்த அம்மாளும் திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தார். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் புட்டி அலமாரியில் அப்படியே இருக்கிறது. திட்டிக்கொண்டே தொட்டியில் கொட்டப் போனேன்.

"ஒண்ணை மட்டும் பாத்துட்டு ஊத்துங்களேன் சார்."

"எல்லாம் வீணாப் போச்சு மேடம். இதுல பாக்க என்ன இருக்கு?"

"நான் பாக்கலையே."

ஒரு துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம்விட்டார். வழக்கமாகத் தெரியும் இழைகளுக்கு நடுவே, நாங்கள் அதுவரை கண்டிராத மிக மெல்லிய இழைகள் கொடிகொடியாகத் தெரிந்தன. நான் பார்த்தேன், அழகாயிருக்கிறது என்றேன், என் இடத்துக்குப் போனேன். எனக்கு அந்த மாதம் முடிக்க வேண்டிய கட்டுரை ஒன்றிருந்தது. ஒரே சோதனையை மூன்றாகப் பிரித்து மூன்று கட்டுரையாக்குவது அப்போது என் தொழில். கூச்சமில்லாமல்தான் செய்தேன், எல்லாரும் செய்தார்கள்.

அந்த அம்மாள் அதற்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் ஊறியது, இரண்டு நாள் ஊறியது என்று ஏழு நாள்வரை. ஒவ்வொன்றிலும் இழைகளை எண்ணினார். எண்ணியதைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட்டு, மறுநாள் அதைப் பார்க்காமல் மறுபடி எண்ணினார். நாலு நாள்தான் சரியான கணக்கு என்று முடிவு கட்டியபோது எனக்கு அந்தப் புட்டியே மறந்துபோயிருந்தது. ஒரு நாள் கட்டுரையை டைப் செய்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் பெயர் முதலில் இருந்தது. அவர் பெயர் இரண்டாவது.

"என் பேரை எதுக்கு முதல்ல போட்டிருக்கீங்க?"

"புட்டி உங்களோடது சார். நீங்க மறக்கலைன்னா இது ஏது?"

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். செய்முறையில் ஒரு வாக்கியம். 'துண்டுகள் முதலாம் ஆசிரியரின் மறதியால் நாலு நாள் கரைசலிலேயே விடப்பட்டன.' எனக்குக் காது சுட்டது.

"இதை எடுத்துடுங்க. ஊர் உலகமெல்லாம் என்னை மறதிக்காரன்னு படிக்கணுமா?"

"வேற என்ன எழுதட்டும்? வேணும்னே வச்சீங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன சார்?" என்று கண்ணைச் சுருக்கினார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். பிரதி கேட்பவர்கள் யாருக்கு எழுத வேண்டும் என்ற இடத்தில் யார் விலாசம் போடுவது என்றார். உறையில் போட்டுப் பசை தடவித் தபாலுக்கு நடக்கிற வேலை யாருக்கு வேண்டும்? "உங்க விலாசத்தையே போடுங்க" என்றேன். அந்த வாக்கியமும் அப்படியே நின்றுவிட்டது.

ஆறு மாதத்தில் கார்டுகள் வர ஆரம்பித்தன. எல்லாம் அவர் விலாசத்துக்கு. ஏகாம்பரம் தபாலைப் பிரித்துக்கொண்டே ராகம் போடுவான். "டாக்டரம்மாவுக்கு நாலு. டாக்டரம்மாவுக்கு ரெண்டு. சாருக்கு..." என்று நிறுத்துவான். "சாருக்கு இன்னிக்கும் ஒண்ணும் இல்ல."

பொறுக்க முடியாமல் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மைத்துனன் லண்டனில் இருந்தான். என் கட்டுரை ஒன்றைக் கேட்டு ஒரு கார்டு போடும்படி அவனுக்கு எழுதினேன். வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். கார்டு வந்தது. ராணி தலை போட்ட தபால்தலை. ஏகாம்பரம் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"சார்! உனக்குக்கூட ஒண்ணு வந்துகீது சார்! லண்டன்லேந்து!"

கையில் வாங்கினேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே ஆங்கிலத்தில் வாசகம். அதன் கீழே மூலையில், பாவிப் பயல், தமிழில் எழுதியிருந்தான்: 'அக்காவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.'

"லண்டன்ல டமில் தெரிஞ்ச சயின்டிஸ்ட்டெல்லாம் கீறாங்களா சார்?" என்றான் ஏகாம்பரம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். "தபாலை முதல்ல உன் மேஜைலதானே வச்சேன் டாக்டரம்மா? நீ பாத்தியா?"

"நான் பாக்கலையே" என்றார் அவர், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் பொய் சொல்லியிருந்தால் அது ஒன்றுதான். சொன்னாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் அதிகம் உறுத்துகிறது.

எழுபதுகளின் நடுவில் டைரக்டருக்கு அடுத்தபடியாக ஒரு பதவி ஏற்பட்டது. துணை டைரக்டர். தனி அறை, சுவரில் பெயர்ப் பலகை, நாலு உதவியாளர்கள். போட்டி எங்கள் இருவருக்கும்தான். இருபத்தேழுக்கும் ஆறுக்கும் என்ன போட்டி என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் டைரக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: தேர்வுக்குழுத் தலைவராக வருபவர் அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எத்தனை கட்டுரை எழுதினாய் என்று பார்க்கமாட்டார், அதை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். அதற்கென்று பெரிய பெரிய தொகுதிகள் வருகின்றனவாம்.

மயில் போட்ட பெட்டிதான் கண்முன்னால் வந்தது. கார்டு கேட்டவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? எல்லாரும் தங்கள் கட்டுரையில் அவரைக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தத் தொகுதிகள் அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் இருந்தன. ஒரு சனிக்கிழமை போனேன். தலையணை தலையணையாகப் புத்தகங்கள், எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. நூலகர் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். முதலில் நான் தேடியது அந்த அம்மாளின் பெயரை. என் பெயரை அல்ல. அப்படித்தான் இருந்தது என் நிலைமை.

அவர் பெயருக்குக் கீழே மொத்தம் ஒன்பது வரிகள். தொகுதி தப்போ என்று அட்டையைப் பார்த்தேன். மற்ற வருஷங்களையும் புரட்டினேன். அவ்வளவுதான். பிறகு மெதுவாக என் பெயருக்கு வந்தேன். ஒரு பத்தி முழுக்க ஓடி, அடுத்த பத்தியிலும் பாதி ஓடியது. எல்லாம் அந்த ஒரே கட்டுரை.

"இதுல முதல்ல இருக்கிற பேருக்குக் கீழேதான் சார் போடுவாங்க. கூட எழுதினவங்க பேரைத் தேடினா அகப்படாது" என்றார் நூலகர்.

வெளியே வந்து ஒரு கடையில் இரண்டு டம்ளர் மோர் குடித்தேன். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். திருடன் கையில் யாரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் அவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. திங்கட்கிழமை அந்த எண்ணிக்கையை அழகாக டைப் செய்து என் விண்ணப்பத்தோடு சேர்த்தேன். பொய் ஒன்றும் இல்லையே. புத்தகத்தில் இருப்பதுதானே.

பொய் தேர்வுக்குழு முன்னால் வந்தது. தலைவர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டார். "மறதியால் என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையிலேயே மறதிதானா? இல்லை, ஏதாவது யோசித்து விட்டுவைத்தீர்களா?"

மறதிதான் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் சிரிப்பில் ஒரு ஆசை தெரிந்தது. எதிரில் இருப்பவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்கிற ஆசை. "அடக்கமாக இருக்கட்டும் என்று அப்படி எழுதினோம்" என்றேன். "கூடுதல் நாள் ஊறினால் மெல்லிய இழைகளும் கறுக்கும் என்று எனக்கு முன்பே ஒரு ஊகம் இருந்தது." குழுவினர் தலையை ஆட்டினார்கள். நான் வெளியே வந்தேன், அந்த அம்மாள் உள்ளே போனார். கதவருகில் என்னைத் தாண்டும்போது, "ஃபேன் போட்டிருக்காங்களா சார்? பேப்பர் பறக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கும் அதே கைத்தறிதான்.

அரைமணி நேரம் நான் வராந்தாவில் நடந்தேன். உள்ளே அவரைக் கேட்பார்கள். மூன்று வருஷம் எண்ணியவர் அவர், புட்டியைக் கொட்டவிடாமல் தடுத்தவர் அவர். ஒரு வார்த்தை போதும், நான் காலி.

மறுநாள் ஏகாம்பரம் ஆறின காபியை மேஜையில் வைத்துவிட்டு நின்றான். "நேத்து அவங்களுக்கு காபி எடுத்துக்கினு நான் உள்ள போனேன் சார். அந்த பெரியவரு டாக்டரம்மாவக் கேக்கறாரு, இந்த மாரி அவரு வேணும்னுதான் வுட்டு வச்சாராமே, மெய்யான்னு. இங்லீஷ்ல கேட்டா எனக்குப் புரியாதா? இருவது வருசமா இங்க குப்ப கொட்டறேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்லும்? எப்பவும் சொல்றதுதான். நான் ஊர்ல இருந்தேன், பாக்கலை, அத்த அவரத்தான் கேக்கணும்னிச்சு." டம்ளரைச் சுட்டிக்காட்டினான். "குடி சார். ஆறிடப் போவுது."

இரண்டு வாரத்தில் எனக்கு ஆர்டர் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் அந்த அம்மாள் என் அறைக்கு வந்தார். வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் கையில் கட்டுரையின் பிரதியும், டைப் செய்த ஒரு காகிதமும் இருந்தன. காகிதத்தை என் முன்னால் வைத்தார். சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம். 'எங்கள் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் மறதியால் என்றிருப்பது பிழை. துண்டுகள் வேண்டுமென்றே விடப்பட்டவை. தயவுசெய்து திருத்தம் வெளியிடவும்.' கீழே முதலாம் ஆசிரியர் கையெழுத்துக்கு இடம்.

"சேர்மன் சொன்னார் சார், நீங்க யோசிச்சுத்தான் வச்சீங்கன்னு. அப்படின்னா நாம அச்சுல போட்டது தப்பு. அன்னைக்கு நான் உங்களைக் கேட்டுத்தான் எழுதினேன், இல்லன்னுதான் சொன்னீங்க. கூச்சப்பட்டுச் சொன்னீங்களோ என்னமோ. நான் பாக்கலை, நீங்கதான் பாத்தவர். எது சரியோ அதைப் போட்டுருவோம்."

பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டிருந்தால் என் கதையில் ஒரு கறையும் இருந்திருக்காது. நான் சொன்ன பொய் உலகத்து நூலகங்களிலெல்லாம் உண்மையாக உட்கார்ந்திருக்கும். என் காதைச் சுடவைத்த அந்த வாக்கியமும் ஒழிந்திருக்கும். யாரும், எப்போதும் கேட்கப்போவதில்லை. எனக்கு வேண்டியதையெல்லாம் ஒரே காகிதத்தில் டைப் செய்து எடுத்து வந்து, பேனாவையும் கொடுத்துவிட்டு, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் கண்ணில் சந்தேகம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

"மறந்துட்டேன்" என்றேன்.

"என்ன சார்?"

"அன்னைக்கு ட்ரெயினுக்கு நேரமாயிடுச்சு. ஊறப்போட்டதையே மறந்துட்டுப் போயிட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டார். கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "நல்ல வேளை சார். கட்டுரை சரியாத்தான் இருக்கு."

"மேடம், நான் கமிட்டிகிட்ட வேற மாதிரி..."

"நீங்க உள்ள என்ன சொன்னீங்கன்னு நான் பாக்கலையே சார்" என்று பேனாவை மூடிக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "ரூம் நல்லா வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

முன்னூறு கார்டுகளைப் பார்த்து வந்த பொறாமையெல்லாம் அன்றைக்கு வந்த பொறாமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கார்டு எனக்கும் வரலாம், ஒரு நல்ல வருஷத்தில். இப்படி ஒரு மனசு எங்கே போய் எழுதிக் கேட்டால் வரும்? அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை, அவருடைய கட்டுரை சரியாக இருந்தது, அது போதுமாக இருந்தது அவருக்கு.

பதவியை விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. பெயர்ப் பலகை மாட்டினார்கள், நேராக இருக்கிறதா என்று நானே தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு வருஷத்தில் அந்த அம்மாள் பெங்களூரில் வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். நான்தான் அனுப்பிவிட்டேன் என்று ஏகாம்பரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் பார்க்கவில்லை.

போகும்போது மயில் பெட்டியை என் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த பிரதிகள் கட்டு ஒன்றும் கூட இருந்தது. ஆட்சேபணையாகச் சொன்னேன், கார்டெல்லாம் உங்களுக்கு வந்தது மேடம் என்று. "முதல் பேரு உங்களோடதுதானே சார். இனிமே வர்றதுக்கு நீங்க அனுப்பிருங்க" என்றார்.

கார்டுகள் நிற்கவில்லை. ஏகாம்பரம் அதற்கப்புறம் ராகம் போட்டதில்லை, வெறுமனே என் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். நான் ஆசைப்பட்ட மாதிரியே, நாலு, ஐந்து என்று வந்தன. ஒவ்வொரு பிரதியையும் உறையில் போடுவதற்கு முன்னால் இரண்டாம் பக்கத்தைத் திறந்து அந்த வாக்கியத்தைப் படிப்பேன். படித்த பிறகுதான் பசை தடவுவேன். பிறகு நானே தபாலாபீஸுக்கு நடப்பேன், ஏகாம்பரத்திடம் கொடுத்ததில்லை.